ஏகாம்பரம் அங்கிளுக்கு வைத்த ஸ்டூ

1

கெட்ட எண்ணத்தோடு நான் சமைத்த ஒரு பதார்த்தத்தைப் பற்றி எழுதுகிறேன். செய்முறையும் சொல்வேன். உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் தாராளமாகச் செய்து கொடுக்கலாம். எண்ணம் என்னுடையது, குழம்பில் அது இறங்காது.

அயர்லாந்துக்கு வந்து இந்த மாதத்தோடு பதினான்கு வருடம். கார்க் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறார். வந்த முதல் வாரமே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு பெரியவர் டின்னர் எப்போது என்று கேட்டார். இன்னும் ஏழு மணி நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். இந்தப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடுதான் டின்னர் என்று எனக்கு எந்த நர்சிங் காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள்? அவர் மணியை அழுத்தி, என்னைப் பட்டினி போடுகிறார்கள் என்று இல்லத்தையே கூட்டிவிட்டார்.

அவரைச் சமாதானப்படுத்தியவள் அங்கே சமைக்கிற மௌரீன். அறுபது வயதிருக்கும், வாய் நீளம், மனசு நல்லது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்டூ வைப்பாள். ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், தண்ணீர், உப்பு, மிளகு. அவ்வளவுதான் அவர்களுடைய பாரம்பரியம். முதல் வாய் வைத்தபோது காய்ச்சல்காரருக்கு வைத்த கஞ்சி மாதிரி இருந்தது. மூன்றாம் வருடம் பிடித்துப்போனது. இங்கேயே பிறந்த என் மகள் ஏஞ்சலுக்குப் பால் குடி மறந்ததிலிருந்தே பிடிக்கும். நான் வைக்கிற மட்டன் குழம்பை அவள் தண்ணீரில் அலசிச் சாப்பிட்ட நாட்களும் உண்டு. இப்போது பன்னிரண்டு வயது. காஞ்சிபுரத்தில் இருக்கிற என் அம்மா வீடியோவில் வந்தால் அரை நிமிடம் முகத்தைக் காட்டுவாள். "ஓகே ஆயா, பை ஆயா." அதற்கு மேல் அவளிடம் தமிழ் கிடையாது.

2

நித்யா எங்கள் ஊர்க்காரி. அவளும் புருஷனும் கம்ப்யூட்டர் வேலை. காஞ்சிபுரம் என்ற ஒரே சொந்தத்தில் என்னை அக்கா என்பாள். சித்திரை மாதம் ஒரு நாள் போன் செய்தாள்.

"அக்கா, மாமா வந்துக்கிறாரு, மூணு மாசம் இருப்பாரு. வந்ததுலேர்ந்து சுகர் ஏறிக்கினே போவுது. சோறு கொறைங்கன்னா கோவம் வருது. கறி வேணும், கறின்னா சோறு வேணும்ன்றாரு. நீங்க நர்ஸுதானே, எதுனா வழி சொல்லுங்கக்கா."

எனக்கு மௌரீனின் ஸ்டூ ஞாபகம் வந்தது. கிண்ணத்தில் ஊற்றி ஸ்பூனால் சாப்பிடுகிற கறி, சோறே கேட்காது. உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துவிட்டால் போதும். மௌரீனிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு இல்லாவிட்டால் அது ஸ்டூ இல்லை, நனைந்த ஆடு என்றாள். சொல்லிவிட்டுத் தன்னுடைய பழைய ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்து கொடுத்தாள். மின்சாரத்தில் ஓடுகிற பீங்கான் சட்டி அது. காலையில் போட்டால் மத்தியானம் வரை தானே வேகும்.

முதல் தடவை பரீட்சையாகச் செய்து இல்லத்துக்கு எடுத்துப் போனேன். மௌரீன் மூடியைத் திறந்து பார்த்தாள். ஸ்டூ வெளிறி இருக்க வேண்டும், என்னுடையது மாரியம்மன் கோயில் வேப்பிலைத் தண்ணீர் போல மஞ்சளாக இருந்தது. ஏன் என்று கேட்டாள். எனக்கே புரியவில்லை, ஒரு மசாலாவும் நான் போடவில்லை. பிறகுதான் உறைத்தது. கறியை மஞ்சள்தூள் போட்டுப் பிசிறி மூன்று தண்ணீரில் கழுவியிருக்கிறேன். அது சமையலில் சேர்த்தி என்றே எனக்குத் தோன்றவில்லை. கை பாட்டுக்குச் செய்துவிட்டது. கறியைக் கழுவினாயா என்று மௌரீன் நெஞ்சில் கை வைத்தாள். இந்த நாட்டில் யாரும் கறியைக் கழுவுவதில்லை, கிருமி பரவுமாம். ஏதோ குழந்தையைக் கொன்றவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நித்யா மாமனாரை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். எழுபதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு, ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர். பெயர் ஏகாம்பரம். எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு ஏகாம்பரத்தின் மேல்தான் விழும், அதனால் பெயரைக் கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேசையில் உட்கார்ந்தார். குழிவான வெள்ளைத் தட்டை முன்னால் வைத்தேன். அவர் வலது கை ஆள்காட்டி விரலைத் தட்டின் விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகுதான் "போடும்மா" என்றார்.

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அந்த விரலை எனக்குத் தெரியும்.

3

அப்போது எனக்குப் பத்து வயது. நகரத்து எல்லையில், பட்டு நெசவுக்காரர்கள் தெருவை ஒட்டிய நடுநிலைப் பள்ளி. அங்கே சத்துணவுச் சமையலராக என் அம்மா சூசையம்மாவுக்கு அரசு ஆணை வந்தது. ஏரிக்கரைக்கு அப்பால் எங்கள் பக்கத்தில் அதுவரை எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். அம்மாதான் முதல் ஆணை வாங்கியவள். முதல் நாள் கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு போய் சாம்பார் வைத்தாள். நான் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு.

மணி அடித்தது. தெருப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள், தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு. நிமிர்த்திப் பிடித்தது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் மட்டும். அம்மா கரண்டியோடு வரிசை முழுக்க நடந்து போய்த் திரும்பி வந்தாள். சாம்பார் அண்டாவில் அப்படியே இருந்தது.

மறுநாள் பெற்றோர் சங்கத் தலைவர் வந்தார். அவர் வீட்டில் நாலு தறி. கோயிலுக்குப் பட்டு நெய்கிற குடும்பம். கோயில் பட்டுக்கான பாவு நூல் தறியில் ஏறினால் அந்த வீட்டில் கறி வாசனையே இருக்காது என்று பேச்சு. தலைமை ஆசிரியரிடம் மெதுவாகத்தான் பேசினார். அவர் கத்தவே மாட்டார்.

"நான் தப்பா ஒண்ணும் சொல்லல சார். அந்தம்மா கூட்டட்டும், கழுவட்டும். அடுப்பாண்ட மட்டும் வேணாம்."

அவ்வளவுதான். உதவியாளராக வந்த இன்னொரு பெண் கையில் கரண்டி போனது. அம்மா குழாயடிக்குப் போனாள். பதிவேட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. சமையலர் என்று தினமும் கையெழுத்துப் போட்டுவிட்டு இருபத்தொரு வருடம் அண்டா கழுவினாள்.

தலைவர் அதோடு விடவில்லை. மத்தியானம் தறியை விட்டு எழுந்தால் பள்ளிப் பக்கம் ஒரு நடை வருவார். கழுவிக் கவிழ்த்த பாத்திரத்தின் விளிம்பில் விரலை வைத்து ஒரு சுற்று. பாவில் ஒரு இழை அறுந்தாலும் இந்த விரலுக்குத் தெரியும் என்று வாத்தியார்களிடம் பெருமையாகச் சொல்வார். பிறகு அம்மாவைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துச் சொல்வார்:

"சோப்பு இருக்குது. மறுபடி கழுவு."

ஒரு நாள் அவர் போன பிறகு நான் ஓடிப்போய் அதே அண்டாவைத் தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன், வழுக்கவே இல்லை.

"சோப்பே இல்லம்மா!"

"தெரியும் சீலி. நீ போய் படி," என்றாள் அம்மா. மறுபடியும் கழுவினாள்.

4

என் பெயர் ஜெயசீலி. நித்யாவின் மாமனார் அதைக் கேட்டதும், சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைப் பார்த்ததும் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார்.

"சொந்த ஊரு எதும்மா?"

"மாகறல் பக்கம், அங்கிள்."

"மாகறல்ல எந்த பக்கம்?"

"அப்பா பல ஊர்ல வேலை பாத்தாரு அங்கிள்."

அவருக்குப் புரிந்துவிட்டது, புரிந்ததை மென்று விழுங்கிக்கொண்டார். இரண்டாவது தடவை ஸ்டூ கேட்டு வாங்கினார். பெருந்தன்மையோடு சொன்னார், "இங்க வந்துட்டா எல்லாரும் ஒண்ணுதாம்மா. அதெல்லாம் யாரு பாக்கறா?" ஏழு கடல் தாண்டினால் எல்லோரும் ஒன்று. எங்கள் ஏரிக்கரையைத் தாண்டும்போது மட்டும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்லோ குக்கரையே தூக்கி அவர் மடியில் கவிழ்த்திருப்பேன். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா அங்கிள்?" என்றேன். ஐயா என்று என் வாயில் வராது. அங்கிள் என்ற வார்த்தை இந்த விஷயத்தில் பெரிய வசதி.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்குச் சொன்னால் தெரியாமல் சாப்பிட்டேன் என்று வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். பழக்கமாக வேண்டும், நாக்கு தேட வேண்டும், என் கைப்பக்குவம் இல்லாமல் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை விடியக் கூடாது. அப்புறம் சொல்ல வேண்டும். அவர் விமானம் ஏறுவதற்குள் சொல்லியாக வேண்டும். ஞாயிறு திருப்பலியில் மன்னிப்பைப் பற்றிய ஜெபம் வரும்போது உதட்டை மட்டும் அசைத்தேன்.

இதில் எண்ணெய் ஊற்றியவர்கள் இரண்டு பேர். ஒன்று விசா அலுவலகம். சர்ச்சில் ஏஞ்சலுக்கு நடக்கிற உறுதிப்பூசுதல் சடங்குக்கு அம்மாவை அழைக்க விண்ணப்பித்திருந்தேன். சர்ச் கடிதம், என் வேலைக் கடிதம், போட்டோ, அம்மாவின் ஓய்வு ஆணை, எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை. பதில் வந்தது: திரும்பிப் போவார் என்று நம்பப் போதிய காரணம் இல்லை. வீடும் தறியும் உள்ள ஏகாம்பரத்துக்குக் காரணம் இருந்தது, வந்துவிட்டார். என் மேசையில் உட்கார்ந்து விளிம்பைத் தடவுகிறார். என் அம்மா வர முடியாது.

இன்னொன்று என் மகள். பள்ளியில் குடும்பத்தைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தார்கள். அதிசயமாக அவளே ஆயாவைக் கூப்பிட்டாள்.

"ஆயா, நீ என்ன வேலை? பிஃபோர்?"

அந்தப் பக்கம் பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், "சமையல்மா. சமையல்னு எழுதிக்கோ."

ஏஞ்சல் ஷெஃப் என்று எழுதி, பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண்ணை வரைந்தாள். நான் அடுப்படியில் நின்று அழுதேன், துக்கத்தில் இல்லை.

ஞாயிறுதோறும் அவரைச் சாப்பிடக் கூட்டி வா என்று நித்யாவிடம் சொல்லியிருந்தேன், ஞாயிறுதோறும் காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். செய்முறை இதுதான். எலும்போடு தோள்கறி ஒரு கிலோ. கழுவத்தான் கழுவினேன், மஞ்சள் மட்டும் போடவில்லை, மௌரீனிடம் சொல்லிவிடாதீர்கள். ஈரம் போகத் துடைத்து, உப்பும் மிளகும் தடவி, கொஞ்சம் வெண்ணெயில் நாலு பக்கமும் சிவக்க வறுக்க வேண்டும். சட்டியின் அடியில் வெங்காயம் இரண்டு, செலரித் தண்டு, டர்னிப் மூன்று. டர்னிப் கிடைக்காவிட்டால் நூல்கோல் போடுங்கள். கேரட் ஒன்றே ஒன்று, அதிலும் இனிப்பு உண்டு. பார்லி, உருளைக்கிழங்கு கிட்டவே வரக் கூடாது. காலிஃபிளவர் பாதி. மேலே கறி, தைம் என்கிற வாசனை இலை ஒரு கொத்து, மூழ்கும் அளவு தண்ணீர். குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம். கடைசியில் காலிஃபிளவரைக் கரண்டியால் மசித்தால் உருளைக்கிழங்கு போலவே கெட்டிப்படும்.

கஷ்டம் ஒன்றுதான். மூடியைத் திறக்கக் கூடாது. நம் கை உப்புப் பார்க்காமல் சும்மா இருக்குமா? ஒரு தடவை திறந்தால் உள்ளே சேர்ந்த சூடெல்லாம் போய்விடும், அரை மணி நேரம் கூடும். முதல் இரண்டு வாரம் திறந்து திறந்து பார்த்து, மூன்று மணிக்குத்தான் பரிமாறினேன். பிறகு பழகிக்கொண்டேன். உள்ளே வேகிறது என்று தெரிந்தால் போதும்.

பொய் சொல்ல மாட்டேன், ஒரு ஞாயிறு கெட்ட நினைப்பும் வந்தது. நாலு உருளைக்கிழங்கை மசித்துக் கலந்தால் யாருக்குத் தெரியும்? கிழங்கைக் கையில் எடுத்தேன். பிறகு கூடையிலேயே போட்டேன். நர்ஸ் என்பதால் மட்டும் இல்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும். கண் தெரிந்து, காது கேட்டு, கால் நடந்து, தெம்பாக உட்கார்ந்து நான் சொல்வதைக் கேட்க வேண்டும். அவர் டாக்டரிடம் பேசி மாத்திரையைச் சரிசெய்ய வைத்தேன். வாராவாரம் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். அந்த விரலில்தான் குத்தினேன்.

சர்க்கரை இறங்கியது. முகம் தெளிந்தது. "புள்ளைங்க கூட இப்டி பாக்காதும்மா" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வாரமும் சாப்பிடுவதற்கு முன்னால் விளிம்பில் ஒரு சுற்று மட்டும் நிற்கவில்லை.

5

பத்தாவது ஞாயிறு. புதன்கிழமை அவருக்கு விமானம். நித்யாவும் அவரும் மட்டும் வந்தார்கள். அவள் புருஷனுக்கு அன்றும் வேலை. என் வீட்டுக்காரர் பஸ்ஸில். ஏஞ்சல் சோபாவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கிடந்தாள்.

அவர் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். எலும்பை உறிஞ்சி ஓரமாக வைத்தார்.

"ஜெயசீலி, மெய்யாத்தான் சொல்றேன். எங்க வூட்ல கூட இந்த பக்குவம் வராது. யாரும்மா கத்துக் குடுத்தது?"

"எங்கம்மா."

"அம்மா இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

"சத்துணவுல இருந்தாங்க அங்கிள். உங்க தெரு ஸ்கூல்ல. சமையலருன்னு ஆர்டர் வாங்கி, இருபத்தொரு வருஷம் அண்டா கழுவுனாங்க."

தட்டின் விளிம்பில் இருந்த கையை அவர் மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். நித்யா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அந்தம்மா பொண்ணா நீ?"

"அந்தம்மாவுக்குப் பேரு இருக்குது. சூசையம்மா."

"அது ஒரு காலம்மா," என்றார். "தெருவே பேசிச்சு. நான் ஒருத்தனா சொன்னேன்?"

"பேசுனது தெரு அங்கிள். வெரலு உங்களுது."

நான் போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் ஆறரை மணி, வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பத்து வாரமாக இவரைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. போனைத் திருப்பி அவர் முகத்தைக் காட்டினேன். கீரை ஆய்ந்த கை நின்றது.

"தலைவரா?" என்றாள்.

அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். இருபத்தொரு வருடத்தில் ஒரு நாளும் அவளை அவர் மரியாதையாகக் கேட்டதில்லை.

அம்மா என்னிடம் கேட்டாள், "இன்னா சாப்ட்டாரு?"

"கறிம்மா. நான் வச்சது. பத்து வாரமா சாப்பிடறாரு. ரெண்டு தபா வாங்கி."

"உப்பு சரியா இருந்துதான்னு கேளு."

"சரியா இருந்துச்சும்மா," என்று அவரே சொன்னார். "எல்லாமே நல்லா இருந்துச்சு."

நித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்லபடியாக முடிந்துவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள். எனக்கும் அதுதான் பயம். அம்மா மன்னித்துத் தொலைத்துவிடுவாளோ? இத்தனை ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்ததெல்லாம் அதற்காகவா?

"தட்டு எங்க?" என்றாள் அம்மா.

"அவரு முன்னாடி இருக்குது."

"அவரையே கழுவச் சொல்லு."

நித்யா சட்டென்று எழுந்தாள். "மாமா, குடுங்க, நான் கழுவறேன்."

"வுடு நித்யா," என்றார்.

எழுந்தார். தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்தார். எங்கள் வீட்டுக் குழாயில் இடது பக்கம் திருப்பினால் வெந்நீர் கொதிக்கக் கொதிக்க வரும், வலது பக்கம் திருப்பினால் பனிக்கட்டித் தண்ணீர். அதை நான் சொல்லவில்லை. அவரே தடவித் தடவிக் கண்டுபிடித்தார். சோப்பு ஊற்றித் தேய்த்தார், முன்னும் பின்னும், அடியையும். ஏஞ்சல் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். நான் போனை உயர்த்திப் பிடித்திருந்தேன். அம்மா முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தண்ணீரை உதறித் தட்டை என்னிடம் நீட்டினார்.

"சீலி, விளிம்ப தடவிப் பாரு," என்றாள் அம்மா.

ஆள்காட்டி விரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தேன். தட்டு பளிச்சென்று சுத்தமாக இருந்தது. வழுக்கவே இல்லை.

"சோப்பு இருக்குதா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குதும்மா," என்றேன்.

அவர் தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு குழாயைத் திறந்தார்.